வானத்தை வரைவோரின் அமானிதம்

வானம் மனிதனின் கைக்கு எட்டாதது. ஆயினும் அவன் கண் அதனை எட்டிப் பாராத காலம் எதுவும் இல்லை. காவிரிப் படுகையில் நள்ளிரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டச் சென்ற உழவன், விண்மீன்களின் சாய்வை நோக்கி இன்னும் எத்தனை நாழிகையில் விடியும் என்று கணித்தான். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பாய்மரம் விரித்த மரைக்காயர்கள், விண்மீன்களைக் கொண்டே கடலில் திசை அறிந்தனர். ஷஃபான் மாதத்து 29ஆம் நாள் மாலையில் மேற்கு வானில் பிறை தேடி நிற்காத முஸ்லிம் ஊர் தஞ்சைத் தரணியில் இல்லை. வானம் நமக்குக் கடிகாரமாகவும், வழிகாட்டியாகவும், வணக்கத்தின் காலக்குறியாகவும் இருந்து வந்திருக்கிறது.

இன்று அவ்வானம் வீட்டுக்குள் வந்துவிட்டது. திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கோள்கள் சுழல்கின்றன, விண்கலங்கள் பாய்கின்றன, நெபுலாக்கள் என்னும் முகிற்கூட்டங்கள் செம்மையும் நீலமுமாக ஒளிர்கின்றன. அவற்றைக் காணும் குழந்தை, "இது மெய்யா?" என்று பெற்றோரைக் கேட்கிறது. எளிய வினாத்தான், விடை எளிதன்று. கண்ணால் காணாத ஒன்றை வரைந்து காட்டுவது பொய் சொல்வதாகுமா? ஆகாதெனில், அத்தகைய சித்திரம் எந்த எல்லையைக் கடக்கும்போது பொய்யாகிறது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உருவங்களை வரைவது பற்றி மார்க்க அறிஞரிடையே நடந்துள்ள விவாதம் நெடியது. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. சித்திரம் வரைந்து பிழைத்த ஒருவர் ஹஜ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றி வினவியபோது, வரைந்தே தீர வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டியதை நபிமொழித் தொகுப்புகளில் காண்கின்றோம். நிலவும் கோளும் விண்மீனும் உயிரற்ற பொருள்களே. ஆகவே இங்கே எழுவது வரையலாமா என்னும் வினா அன்று. மெய்யாக வரைவது எங்ஙனம் என்னும் வினாவே.

நாகூர்ப் பேனாவும் விண்வெளிக் கதையும்

தமிழ்த் திரைப்படம் விண்வெளியைத் தொட்டது நெடுநாளுக்கு முன்பே ஆகும். ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963ஆம் ஆண்டில் வெளிவந்தது. யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று முதன்முதலாக விண்ணேறிப் பூமியைச் சுற்றி வந்து ஈராண்டுகளே கழிந்திருந்தன. நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறாண்டுகள் இருந்தன. அப்படத்திற்கு உரையாடல் எழுதிய ரவீந்தர் நம் நாகூரைச் சேர்ந்தவர். காஜா முகைதீன் என்பது அவரது இயற்பெயர். வேற்றுலகத்தார் தம் உலகில் இசையும் கலையும் இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்ளப் பூவுலகின் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். நாயகன் அவளை மீட்க விண்ணேறிச் செல்கிறான். கதை இதுதான்.

கொட்டகையில் அமர்ந்து இதனைக் கண்டவர்களில் எவரேனும், மேலே ஓர் உலகம் பாட்டு வாத்தியாருக்கு ஏங்கிக் கிடக்கிறது என்று நம்பி வீடு திரும்பியிருப்பாரா? இல்லை. கதை கூறியவரும் கேட்டவரும் அதனைக் கதையென்றே அறிந்திருந்தனர். அவ்வறிவு இருவருக்கும் பொதுவாக இருந்தமையால் அங்கே ஏமாற்றியவரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை. அறிவியல் நோக்கில் அப்படத்தில் ஆயிரம் பிழை காணலாம். ஆனால் அதனைப் பொய் என்று கூற இயலாது. பிழை வேறு, பொய் வேறு.

இந்த வேறுபாட்டை விளக்க நம்மிடம் நல்லதோர் அளவுகோல் உண்டு. தமிழ் அணியிலக்கணத்தில் 'இல்பொருள் உவமை' என ஒன்று பயில்கின்றோம். உலகில் இல்லாத ஒன்றைக் கற்பித்து, அதனைக் கொண்டு உள்ளதொன்றை விளக்குவது அது. மதரஸாக்களில் ஓதப்படும் அரபு பலாகத் நூல்களும் இதற்கு நிகரானதொன்றைத் 'தஷ்பீஹ் கயாலீ' என்று கூறுகின்றன. தனித்தனி உறுப்புகள் உலகில் உண்டு. அவை சேர்ந்த முழுமை கற்பனையில் மட்டுமே உண்டு. இரு மொழியின் இலக்கண ஆசிரியர்களும் இதனை அணி என்றே கொண்டனர், பொய்யென்று தள்ளவில்லை. ஏன்? 'போல' என்னும் உருபு அங்கே காவல் நிற்கிறது.

சில இடங்களில் அவ்வுருபு மறைந்தும் நிற்கும். 'மதிமுகம்' என்கின்றோம், மதி போன்ற முகம் என்று விரித்துக்கொள்கின்றோம். தமிழில் இது உவமைத்தொகை. அரபில் இத்தகையதைத் 'தஷ்பீஹ் முஅக்கத்' என்பர். உருபு மறைந்தாலும் கேட்பவன் உள்ளத்தில் அது ஒலிக்கிறது. கேட்பவனுக்கு அது தெரியாமற் போகுமாயின், முகத்தையே நிலவென்று எண்ணி மயங்குவான். அப்போது குற்றம் உவமையில் இல்லை. 'போல' மறைந்து நிற்பதை அவனுக்குத் தெரியாதபடி செய்தவனிடமே உள்ளது.

விண்வெளிச் சித்திரங்கள் அனைத்தும் இத்தகைய உவமைகளே என்பது நம் கருத்து. அவற்றை வரைவோரிடம் உள்ள அமானிதம் ஒன்றே: மறைந்து நிற்கும் 'போல' காண்பவருக்குத் தெரிய வேண்டும்.

முன்னோர் காட்டிய முறை

இந்த அமானிதத்தைப் பேணியவர்களுக்கு நம் வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் வானநூலறிஞர் கி.பி. 964ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'கிதாபு ஸுவரில் கவாகிப்' என்னும் நூலே அது. தாலமியின் 48 விண்மீன் கூட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அவர் இருமுறை வரைந்து காட்டுகிறார். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தோன்றும் வடிவம் ஒன்று. வானகோளம் என்னும் உருண்டைக் கருவியின் மேல், வெளியிலிருந்து நோக்குபவனுக்குத் தோன்றும் வடிவம் மற்றொன்று. ஒன்று மற்றதன் கண்ணாடி நிழல்போல் இடவலம் மாறியிருக்கும்.

ஒரே கூட்டத்தை இருமுறை வரைவானேன்? நீ எங்கே நின்று பார்க்கிறாய் என்பதைக் காண்பவனுக்கு அறிவிப்பதற்காகவே. மேலும் அச்சித்திரங்களில் விண்மீன்கள் புள்ளிகளாக இடப்பட்டு எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். கரடியின் உடலும் வேடனின் கையும் கோடுகளால் வரையப்பட்டிருக்கும். புள்ளி, கண்டறிந்த மெய். கோடு, மனிதன் இட்ட கற்பனை. இரண்டும் ஒரே தாளில் இருந்தும் ஒன்றோடொன்று கலந்து மயங்குவதில்லை. விண்வெளியை வரைவோர் அனைவருக்கும் இதனினும் சிறந்த பாடம் வேறு வேண்டுமா?

சென்ற நூற்றாண்டில் அமெரிக்க ஓவியர் செஸ்லி போனஸ்டெல், எவரும் சென்றறியாத கோள்களின் காட்சிகளை வரைந்து புகழ்பெற்றார். சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் நின்று சனியைப் பார்ப்பது போன்ற அவரது ஓவியம் 1944இல் 'லைஃப்' இதழில் வெளியாயிற்று. நிலவின் மலைகளை ஈட்டிமுனைபோற் கூர்மையாக அவர் தீட்டினார். அங்கே காற்றும் மழையும் இல்லையாதலின் மலைகள் தேயாமல் இருக்கும் என்பது அக்காலத்து எண்ணம். 1969 முதல் நிலவில் இறங்கியவர்கள் எடுத்த படங்களோ, மழுங்கி வளைந்த குன்றுகளையே காட்டின. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விழுந்துவரும் நுண்ணிய விண்கற்கள் அவற்றைத் தேய்த்துவிட்டன. டைட்டனும் அவ்வாறே. 2005 ஜனவரி 14 அன்று 'ஹைகன்ஸ்' கலம் அங்கே இறங்கியபோது தெரிந்தது, தெளிந்த நீலவானம் அன்று, மஞ்சட்சிவப்பு மூடுபனி.

போனஸ்டெல் பொய்யரா? அல்லர். தம் காலத்து அறிவு எதுவரை சென்றதோ அதுவரை அதனைப் பின்பற்றினார். பிற்கால அறிவு அவரைத் திருத்திற்று. சான்று வந்தபோது திருத்தத்திற்கு இடங்கொடுக்கும் சித்திரம் நேர்மையான சித்திரம். முயன்று தவறிய முஜ்தஹிதுக்கும் கூலி உண்டு என்று பயின்ற நமக்கு இது விளங்காததன்று.

புகைப்படம் பேசும் மொழி

ஓவியம் கற்பனை, புகைப்படம் உண்மை என்று பலரும் எண்ணுகின்றனர். விண்வெளியைப் பொறுத்தவரை இஃது அத்துணை எளிதன்று. ஹப்பிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்னும் படத்தை அறியாதார் சிலரே. அதிலுள்ள நிறங்கள் கண் காணும் நிறங்கள் அல்ல. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜனின் ஒளிக்கு நீலமும் அறிஞர்களே வகுத்துத் தந்தவை. ஹைட்ரஜனும் கந்தகமும் இயல்பில் இரண்டுமே சிவந்த ஒளி தருவன. அப்படியே விட்டால் எது எதுவென்று பிரித்தறிய இயலாது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ, மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையே பெரிதும் காண்கிறது. அதன் படங்களில் அலைநீளம் மிகுந்ததைச் சிவப்பாகவும் குறைந்ததை நீலமாகவும் மாற்றித் தருகின்றனர்.

இது மோசடியா? நம் எண்ணத்தில் இது மொழிபெயர்ப்பு. அரபு அறியாதாருக்குத் திருமறையின் பொருளைத் தமிழில் தருகின்றோம். தமிழ்ச் சொல் அரபுச் சொல் ஆகிவிடாது. எனினும் கருத்தைக் கொண்டு சேர்க்கிறது. இங்கே கடமை இரண்டு: மூலத்தோடு பொருந்தியிருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு என்று அறிவிக்கவும் வேண்டும். அவ்விஞ்ஞானிகள் எந்த ஒளிக்கு எந்த நிறம் தந்தோம் என்பதை எழுதியே வெளியிடுகின்றனர். ஆனால் படம் கைமாறிக் கைமாறி நம் கைபேசிக்கு வரும்போது அக்குறிப்பு உதிர்ந்துபோகிறது. படம் மட்டும் வந்து சேர்கிறது. உருபு அங்கேதான் தொலைகிறது.

நம் நாட்டிலேயே நிகழ்ந்ததை நோக்குவோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்தார் என்பதில் தமிழருக்குப் பெருமிதம் உண்டு. அம்மாலையில் கோடிக்கணக்கானோர் கண்ணிமையாது பார்த்தது, கலம் மெல்லத் தாழ்ந்து இறங்கும் காட்சியை. அது கலம் அனுப்பிய எண்களைக் கொண்டு கணிப்பொறி தீட்டிய சித்திரம். இறங்குங்கால் பக்கத்தில் நின்று படம்பிடிக்க அங்கே யார் இருந்தார்? பின்னர் ஆகஸ்ட் 30 அன்று, பிரக்யான் ஊர்தி விக்ரம் கலத்தைப் படமெடுத்து அனுப்பிற்று. வண்ணமற்ற, கறுப்பு வெள்ளைப் படம். முன்னைய சித்திரத்தின் பொலிவு அதற்கில்லை. ஆயினும் ஒன்று, நடப்பதைக் கணித்துக் காட்டிய உவமை; மற்றது, நேரில் நின்ற சாட்சி. பொலிவு குறைந்த சாட்சியைப் பொலிவு மிகுந்த உவமையினும் உயர்வாக மதிக்கப் பழகுவது அறிவின் முதிர்ச்சியாகும்.

பொய்ச்சாட்சி ஆகும்போது

இதுவரை கூறியவை சிறு பிழைகள், பெரும்பாலும் மன்னிக்கத்தக்கவை. இனி வருவது நம் வீட்டுக்குள்ளேயே நிகழ்வது.

மிஃராஜ் பயணத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏறிச் சென்ற புராக்கைப் பற்றி நபிமொழிகள் கூறுவது சிலவே: வெண்ணிறமானது, கோவேறு கழுதையினும் சிறியது, கழுதையினும் பெரியது, பார்வை எட்டும் தொலைவில் அடியெடுத்து வைப்பது. ஆலிப் புலவர் போன்றோர் அப்பயணத்தை மாலையாகப் பாடினர். சொல்லால் பாடினரே அன்றி, வண்ணத்தால் வரைந்து வைத்தாரில்லை. பிற்காலத்தே தர்காக் கடைத்தெருக்களில் அச்சுப்படங்கள் விற்பனைக்கு வந்தன. பெண்முகமும் மயில்தோகையும் பூட்டிய புராக் நம் இல்லத்துச் சுவர்களில் ஏறிற்று. ஏதோ ஓர் ஓவியனின் கற்பனை, தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் உள்ளத்தில் மார்க்கச் செய்தியாகப் பதிந்துவிட்டது. 'போல' என்று சொல்வார் எவரும் அங்கே இல்லை.

இன்னொன்று. நிலவு பிளந்த அற்புதத்திற்கு விஞ்ஞானச் சான்று என்று கூறி, நிலவின் மேல் நீண்ட பிளவு ஓடும் புகைப்படம் ஒன்று பல ஆண்டுகளாக வலம் வருகிறது. படம் உண்மையானதே. 1969 மே மாதம் அப்பல்லோ-10 கலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதிலிருப்பது 'ரீமா அரியடேயஸ்' என்னும் பள்ளம். சுமார் 300 கிலோமீட்டர் நீளமுடையது. இணையான இரு வெடிப்புகளுக்கிடையே தரை தாழ்ந்ததால் உண்டாயிற்று என்பர் அறிஞர். அது நிலவைச் சுற்றி ஓடவுமில்லை. நிலவு பிளந்து சேர்ந்ததன் வடு என்று ஆய்ந்தவர் எவரும் கூறவுமில்லை. அவ்வாறே, நிலவில் நீல் ஆம்ஸ்ட்ராங் பாங்கொலி கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் கதையும் நாடெங்கும் பரவிற்று. அவர் அதனை மறுத்தார். 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் தூதரகங்கள் வாயிலாக மறுப்பு வெளியிட நேர்ந்தது. ஒலியைச் சுமக்கக் காற்றில்லாத இடத்தில் பாங்கொலி கேட்டதென்று சொல்வது, கேட்போரை மட்டுமன்றிச் சொல்வோரையும் நகைப்புக்கு ஆளாக்குகிறது.

நிலவு பிளந்த அற்புதத்தை நாம் நம்புவது திருமறையையும் நபிமொழியையும் கொண்டு. ஒரு புகைப்படத்தைக் கொண்டு அன்று. "நோக்கம் நல்லதுதானே?" என்பர் சிலர். ஃபிக்ஹு என்ன கூறுகிறது? ஒருவனுடைய வழக்கு நூற்றுக்கு நூறு நியாயமானதாக இருக்கலாம். அவனுக்காகக் காணாததைக் கண்டேன் என்று சாட்சி சொன்னவன் பொய்ச்சாட்சியே. வழக்கின் நியாயம் சாட்சியின் பொய்யைக் கழுவுவதில்லை. பொய்ச்சாட்சி பெரும்பாவங்களுள் ஒன்றென எண்ணப்பட்டது. அதிலும் இச்சாட்சி வெளிப்படும் நாளில் இழப்பு யாருக்கு? அப்படத்தை நம்பி ஈமான் கொண்ட இளைஞன், படம் வேறொன்று என்று கல்லூரியில் அறியும்போது, படத்தை மட்டுமா கைவிடுவான்? படத்தோடு சேர்த்து நாம் கட்டிக்கொடுத்ததையும் ஐயுறத் தொடங்குவான். மெய்யான மார்க்கத்திற்குப் பொய்யான முட்டுக்கால் கொடுப்பவன் வீட்டைத் தாங்குவதில்லை, சாய்க்கிறான்.

வானம் நம் மேடை அன்று

திரைப்படங்களின்மேல் நாம் கூறவேண்டிய குறை ஒன்றுண்டு. ஹிஜ்ரி 10இல் பெருமானாரின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அக்குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டதென மக்கள் பேசினர். மகனைப் பறிகொடுத்த தந்தைக்கு அப்பேச்சு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! ஆயினும் பெருமானார் அதனை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கதிரும் மதியும் கிரகணம் அடைவதில்லை. அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று தெளிவுறுத்தினர். தம் துயரத்திற்குக்கூட வானத்தை மேடையாக்க அவர்கள் உடன்படவில்லை.

திரைப்படங்களோ வானத்தை நம் வீரத்தின் மேடையாகவே பெரிதும் காட்டுகின்றன. 2018இல் வந்த 'டிக் டிக் டிக்' படத்தில் தமிழகத்தை நோக்கி விண்கல் வருகிறது. நாயகன் அதனை உடைக்க விண்ணேறுகிறான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் ஆயிரமாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த நாகைக் கரையோருக்கு, அழிவு என்பது இறுதிக் காட்சியில் தவிர்க்கப்படும் வேடிக்கை அன்று. கதிரும் மதியும் மனிதனுக்கு வசப்படுத்தப்பட்டவை எனத் திருமறை கூறுவதை நாம் மறக்கவில்லை. பயன் தருவது வேறு. நமக்காக நடிப்பது வேறு. காவிரியும் நமக்குப் பயன்படுகிறது. ஆனால் அது நமக்காக மட்டும் ஓடவில்லை.

"கலைஞனை இவ்வாறு கட்டினால் கலை எங்ஙனம் வளரும்?" என்று வினவுவோர் உண்டு. கட்டுவது நம் நோக்கமன்று. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில், கலத்தின் கதவுக்கு வெளியே அமைதி நிலவும், காற்றில்லாத வெளியில் ஓசை இல்லை என்னும் உண்மையே அங்கு அச்சம் தரும் கலையாயிற்று. 2014இல் கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக் கருந்துளையை, கிப் தோர்ன் என்னும் இயற்பியலறிஞரின் சமன்பாடுகளைக் கொண்டு தீட்டினர். கணக்குப்படி ஒளிவளையத்தின் ஒருபக்கம் மிகப் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தோன்றவேண்டும். காண்போர் குழம்புவர் எனக் கருதி அதனைத் தவிர்த்தனர். தவிர்த்ததைத் தோர்ன் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 10 அன்று, சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்-87 கருந்துளையின் படம் வெளியாயிற்று. வளையத்தின் ஒருபக்கமே மிக ஒளிர்ந்தது. கலைஞர் மாற்றினர், மாற்றியதை மறைக்கவில்லை. சுதந்திரமும் அமானிதமும் ஒருங்கே வாழ இயலும் என்பதற்கு இது போதும்.

காண்போருக்கும் இதில் கடமை உண்டு. பிறை கண்டேன் என்று ஒருவர் வந்தால் நம் காஜியார் என்ன செய்வார்? நீர் நேரில் கண்டீரா, பிறர் சொல்லக் கேட்டீரா? எங்கு நின்றீர்? எத்திசையில், எவ்வுயரத்தில் கண்டீர்? பிறையின் கொம்புகள் எப்பக்கம் இருந்தன? இவற்றைக் கேட்டறிந்த பின்னரே சாட்சியத்தை ஏற்பார். ஒரு மாதத்து நோன்புக்கு இத்துணை எச்சரிக்கையைக் கற்பித்த சமுதாயம், கைபேசியில் வந்து விழும் படத்தை ஒரு கணமும் சிந்தியாமல் பத்துப் பேருக்கு அனுப்புவது முறையாகுமா? கண்டவர் யார்? எங்கிருந்து கண்டார்? எது புள்ளி, எது கோடு? இம்மூன்று வினாக்களை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. "இது மெய்யா?" என்று அவர்கள் கேட்டால், சினந்து வாய் மூடச் செய்ய வேண்டா, உடனிருந்து விடை தேடுவோமாக.

நடவுக்கு முன் நீர் நிறைந்து கிடக்கும் வயல்களில், நிலவுள்ள இரவில் வரப்பின்மேல் நடந்தால், வயலுக்கு ஒரு நிலவு தெரியும். அழகிய காட்சி, அதனைக் கண்டு மகிழ்வதில் பிழையில்லை. காற்றடித்து நீர் கலங்கினால் அந்நிலவு சிதறும். உழவன் அதற்காக அழுவதில்லை. அது நீரில் விழுந்த நிழல் என்பதை அவன் அறிவான். நிழலைக் கண்டு மகிழ்ந்தவன் ஒருமுறை தலைநிமிர்ந்து மேலேயும் பார்ப்பானாயின், அந்த நிழல் தன் வேலையைச் செய்துவிட்டது. திரையில் விழும் வானமும் நம்மை அவ்வாறு தலைநிமிரச் செய்ய வேண்டும். வானத்தையும் பூமியையும் படைத்ததில் சிந்தனை செலுத்துவோரின் கூட்டத்தில் வல்ல இறைவன் நம்மையும் நம் மக்களையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.